10,000 ராண்டுக்குள் பெரிய திரை டிவி: 65 போதுமா, 75 வேண்டுமா?

சாட்ஸ்வர்த்வாசி:

எல்லோருக்கும் வணக்கம். எட்டு வருடம் உழைத்த எங்கள் 43 இன்ச் டிவி போன வாரம் கண்ணை மூடிவிட்டது. சத்தம் வருகிறது, படம் இல்லை. இதுதான் சாக்கு என்று வீட்டில் எல்லோரும் பெரிய டிவி கேட்கிறார்கள். 2027 உலகக் கோப்பை கிரிக்கெட் நம் தென்னாப்பிரிக்காவிலேயே நடக்கப்போகிறது, அப்போது வீட்டில் 75 இன்ச் இல்லாவிட்டால் மானம் போய்விடும் என்பது மகனின் வாதம்.

கையில் 10,000 ராண்ட். கொஞ்சம் முன்னே பின்னே போகலாம், ரொம்ப முன்னே போக முடியாது. வீடு பழைய கவுன்சில் வீடு. லவுஞ்சில் சோபாவிலிருந்து சுவர் 2.7 மீட்டர். டிவி வைக்கிற தெற்குச் சுவரில் கதவுக்கும் சாமி அலமாரிக்கும் நடுவே 1.7 மீட்டர் இடம். எதிரே வடக்குப் பக்கம் பெரிய ஜன்னல். பார்ப்பது தமிழ் சேனல்கள், கிரிக்கெட், யூடியூப், ராத்திரியில் ஒரு படம். பையன் பிளேஸ்டேஷன் ஆடுவான்.

ஒரு கடையில் 75 இன்ச் ஒன்று கிட்டத்தட்ட பட்ஜெட்டுக்குள் வருகிறது. பெயர் கேள்விப்படாத பிராண்ட். எடுத்துவிடலாமா?

மிட்ராண்ட் மணி:

இன்ச்சை விடுங்கள் அண்ணா, படத்தைப் பாருங்கள். சென்னையிலிருந்து இங்கே வந்த முதல் வருடம் நானும் மலிவாக ஒரு 65 வாங்கினேன். ராத்திரிக் காட்சி வரும்போதெல்லாம் சாம்பல் பூசிய மாதிரி ஒரு இருட்டு. வெறுத்துப்போய் ஓஎல்இடிக்கு மாறினேன். அதில் பின்னால் விளக்கே கிடையாது. ஒவ்வொரு புள்ளியும் தானே எரியும், தானே அணையும். கருப்பு கருப்பாக இருக்கும். நவம்பரில் கருப்பு வெள்ளித் தள்ளுபடி வரை பொறுத்து ஒரு 55 ஓஎல்இடி எடுங்கள்.

டோங்காட் அக்கா:

மணி தம்பி, பசி என்று வந்தவருக்கு அடுத்த தீபாவளிக்கு விருந்து என்கிறீர்களே. நீங்கள் சொல்லும் சாமான் கருப்பு வெள்ளியிலும் 10,000-க்குள் அடங்காது. அப்புறம், பகல் முழுக்க ஒரே சேனல் ஓடுகிற வீடு என்றால், மூலையில் நிற்கும் சேனல் முத்திரையும் கீழே ஓடும் செய்திப் பட்டையும் ஓஎல்இடி திரையில் நிழலாகத் தங்கிவிடக்கூடும்.

நான் 75 வாங்கியவள். படத்தில் குறை இல்லை. ஆனால் வாங்கும் முன் அளக்கவில்லை. பெரிய டிவிகளுக்கு நடுவில் ஒற்றைக் கால் இருப்பது அபூர்வம், இரண்டு ஓரத்திலும் இரண்டு கால். என் பழைய டிவி மேசை 1.2 மீட்டர். புது டிவியின் இரண்டு காலும் அதற்கு வெளியே. புது மேசை வரும்வரை டிவி சாப்பாட்டு மேசையில் இருந்தது, நாங்கள் தரையில் உட்கார்ந்து சாப்பிட்டோம்.

75 இன்ச்சின் அகலம் சுமார் 166 சென்டிமீட்டர். உங்கள் இடம் 170. ஒரு பக்கம் கதவு இடிக்கும், இன்னொரு பக்கம் சாமி விளக்கு சுடும். 65 என்றால் 144 சென்டிமீட்டர்தான். செய்தித்தாள்களை ஒட்டி அதே அளவுக்கு வெட்டிச் சுவரில் இரண்டு நாள் தொங்கவிட்டுப் பாருங்கள். அதற்குக் காசு ஒன்றும் இல்லை.

பீனிக்ஸ் ரிப்பேர்காரன்:

புது டிவிப் பேச்சு இருக்கட்டும். பழையதைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். ராத்திரி விளக்கை அணைத்துவிட்டு டிவியைப் போடுங்கள். சத்தம் வரும்போது திரைக்கு மிக அருகில் ஒரு டார்ச்சைச் சாய்த்துப் பிடித்து உற்றுப் பாருங்கள். ஆட்கள் நடமாடுவது மங்கலாகத் தெரிந்தால் படம் காட்டும் பேனல் உயிரோடு இருக்கிறது, அதற்குப் பின்னால் எரியும் விளக்கான பேக்லைட்தான் போய்விட்டது. உள்ளே எல்இடி பட்டைகள் வரிசையாகக் கோக்கப்பட்டிருக்கும். சீரியல் லைட் மாதிரி, ஒன்று கருகினால் வரிசையே இருண்டுவிடும். பட்டை மாற்ற ஆகும் செலவு புது டிவி விலையில் ஒரு சின்னப் பங்கு. பேனல் உடைந்திருந்தால் மட்டும் நானே வேண்டாம் என்பேன். பேனல் விலையும் டிவி விலையும் ஏறக்குறைய ஒன்று.

ஆனால் வீட்டில் நீங்களே திறக்காதீர்கள். பட்டைக்கு முன்னால் பேனலைக் கழற்ற வேண்டும், கண்ணாடி அப்பளம் மாதிரி இருக்கும்.

இது ஏன் நடக்கிறது என்றால், கடையிலிருந்து வரும்போது பேக்லைட் நூற்றுக்கு நூறில் இருக்கும். கடை வெளிச்சத்தில் பளிச்சென்று தெரிய வேண்டுமே. அப்படியே வருடக்கணக்கில் ஓட்டினால் அந்தச் சூடே எல்இடியைத் தின்றுவிடும். என் மேசைக்கு வரும் டிவிகளில் பாதிக்கு மேல் இதே நோய்தான். புது டிவி வந்த அன்றே பேக்லைட்டை 60-க்கு இறக்குங்கள். கரண்ட்டும் மிச்சம்.

லெனேசியா வாத்தியார்:

கணக்கு வாத்தியார் என்பதால் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். மூலைவிட்டத்தைப் போல 1.2 மடங்கிலிருந்து 1.6 மடங்கு தூரத்தில் உட்கார்ந்தால் சினிமா பார்க்கிற நிறைவு கிடைக்கும் என்பது வழக்கமான அளவுகோல். 65 இன்ச் என்பது 165 சென்டிமீட்டர். ஆகவே 2 மீட்டரிலிருந்து 2.6 மீட்டர். 75 என்றால் 2.3-லிருந்து 3 மீட்டர். உங்கள் 2.7 மீட்டருக்கு 75 பொருந்தும், 65-ம் ஏறக்குறையப் பொருந்தும். 43-லிருந்து போகிறவருக்கு 65 சின்னதாகத் தெரியாது. பரப்பளவு இரண்டே கால் மடங்கு. 65-லிருந்து 75-க்குப் போனால் கூடுவது மூன்றில் ஒரு பங்கு மட்டும்.

இன்னொரு கணக்கும் உண்டு. நல்ல பார்வை உள்ள கண் ஒரு டிகிரியை 60 பங்காக்கி அதில் ஒரு பங்கு வரை பிரித்துப் பார்க்கும். 65 இன்ச் திரையில் முழு எச்டி படத்தின் ஒரு புள்ளி முக்கால் மில்லிமீட்டர். அது 2.6 மீட்டருக்கு அப்பால் கண்ணுக்குத் தனியாகத் தெரியாது. உங்கள் சோபா இருப்பது 2.7-ல். அதாவது அங்கிருந்து நல்ல எச்டி படத்துக்கும், அதைவிட நான்கு மடங்கு புள்ளிகள் உள்ள 4கே படத்துக்கும் வித்தியாசம் கண்டுபிடிப்பது கஷ்டம். இந்த அளவுகளில் 4கே இல்லாத டிவியைத் தேடினாலும் இப்போது கிடைப்பது அரிது. அதனால் பெட்டியில் 4கே என்று பெரிதாக எழுதியிருப்பதைப் பார்த்து ஒரு ராண்ட்கூடக் கூடுதலாகக் கொடுக்காதீர்கள்.

பீனிக்ஸ் ரிப்பேர்காரன்:

வாத்தியார் சொன்னது சரி. ஆனால் டிஷ் வழியாக வரும் தமிழ் சேனல்கள் 4கே-யில் வருவதில்லை. அழுத்திச் சுருக்கி அனுப்பிய படத்தைத்தான் டிவி இழுத்து நீட்டுகிறது. 43-ல் மறைந்திருந்த அழுக்கு 75-ல் கோலம் போட்ட மாதிரி தெரியும். அந்த நீட்டுகிற வேலையில்தான் நல்ல பிராண்டுக்கும் பெயர் தெரியாத பிராண்டுக்கும் வித்தியாசம். கடைக்குப் போனால் அவர்கள் ஓட்டுகிற மீன், பூ, மலை வீடியோவைப் பார்த்து மயங்க வேண்டாம். உங்கள் போனில் இருக்கும் ஒரு பழைய படப் பாட்டை யூடியூப் வழியாக அதில் போடச் சொல்லுங்கள். போட மறுத்தால் அடுத்த கடை.

பெட்டியில் எச்டிஆர், அதாவது வெளிச்சத்தையும் இருட்டையும் கூடுதலாகப் பிரித்துக் காட்டும் படம், என்று எழுதியிருப்பதையும் நம்பாதீர்கள். எச்டிஆர் படங்கள் பெரும்பாலும் 1,000 நிட்ஸ் வெளிச்சத்தை மனதில் வைத்துத் தயாராகின்றன. மலிவு டிவி 300 நிட்ஸ் தாண்டுவதே பெரிய காரியம். எச்டிஆர் படத்தை வாங்கிக்கொள்ளும், அந்த வெளிச்சத்தைக் காட்டாது. க்யூஎல்இடி என்றால் அதுவும் பின்னால் விளக்கு எரியும் எல்சிடிதான். நடுவில் ஒரு குவாண்டம் டாட் தாள் வைத்து நிறத்தைத் தூக்கிக் காட்டுகிறார்கள். நிறம் உண்மையிலேயே நன்றாக இருக்கும், விலை வித்தியாசம் சில நூறு ராண்ட் என்றால் எடுங்கள். மோஷன் ரேட் 120, 200 என்பதெல்லாம் விளம்பர எண். பேனல் 60 ஹெர்ட்ஸ்தான், அதாவது நொடிக்கு 60 முறை படம் மாற்றும்.

சாட்ஸ்வர்த்வாசி:

டார்ச் அடித்துப் பார்த்தோம் அண்ணா. மங்கலாக ஆட்கள் தெரிகிறார்கள்! வீட்டில் எல்லோரும் திரைக்கு முன்னால் மண்டியிட்டுப் பார்த்ததை நினைத்தால் சிரிப்பு வருகிறது. உங்களுக்குத் தனியாகச் செய்தி அனுப்பியிருக்கிறேன்.

செய்தித்தாளும் தொங்கவிட்டோம். 75 அளவு வைத்ததும் என் மனைவி ஒரே வார்த்தையில் முடித்துவிட்டாள்: “எடு.” எடுத்துவிட்டு 65 அளவில் வைத்திருக்கிறோம். இதற்கிடையில் மாமியார் போனில், டிவி தென்கிழக்கு அக்னி மூலையில்தான் இருக்க வேண்டும் என்கிறார்.

லெனேசியா வாத்தியார்:

வாஸ்துவைப் பற்றி நான் வாய் திறக்கவில்லை. ஆனால் சூரியனைப் பற்றிச் சொல்லலாம். தமிழ்நாட்டில் வருடத்தில் பெரும்பகுதி மதிய வெயில் தெற்கிலிருந்து சாயும். இங்கே வடக்கிலிருந்து. டர்பனில் ஜூன், ஜூலையில் மதியச் சூரியன் வடக்கே தாழ்ந்து நிற்பதால் வெயில் ஜன்னல் வழியாக வீட்டுக்குள் வெகுதூரம் வரும். உங்கள் ஜன்னல் வடக்கே, டிவி தெற்குச் சுவரில், ஜன்னலைப் பார்த்தபடி. குளிர்காலம் முழுக்கத் திரையில் உங்கள் ஜன்னல்தான் ஓடும். சுவரை மாற்ற முடியாவிட்டால் ஒரு தடித்த திரைச்சீலைக்குக் காசு எடுத்து வையுங்கள். கண்ணாடி மாதிரி மின்னும் திரையை வாங்காதீர்கள், கடையிலேயே விளக்கு எப்படிப் பிரதிபலிக்கிறது என்று தெரிந்துவிடும்.

மாரிட்ஸ்பர்க் தாத்தா:

பிள்ளைகளே, என் தமிழ் கொஞ்சம் கரடுமுரடு, பொறுத்துக்கொள்ளுங்கள். இந்த நாட்டில் 1976 ஜனவரி 5 வரைக்கும் டிவியே கிடையாது. அரசாங்கம் விடவில்லை. வந்த பிறகும் ஒரே சேனல், பாதி இங்கிலிஷ், பாதி ஆப்ரிகான்ஸ். தமிழ் கேட்க வேண்டுமென்றால் கோயிலுக்குப் போக வேண்டும். எங்கள் தெருவில் முதல் டிவி வாங்கியவர் வீட்டில் சாயங்காலம் முப்பது பேர் உட்காருவோம். அது எத்தனை இன்ச் என்று யாரும் கேட்டதில்லை. கதவோரம் உட்கார்ந்தவனுக்கும் தெரிந்தது.

டோங்காட் அக்கா:

தாத்தா சொன்னதில் ஒரு விஷயம் இருக்கிறது. கதவோரம் உட்கார்ந்தவர்! சாட்ஸ்வர்த் தம்பி, உங்கள் லவுஞ்சில் யார் எங்கே உட்காருவார்கள்? எல்லோரும் சோபாவில்தானா?

சாட்ஸ்வர்த்வாசி:

இல்லை அக்கா. ஆயாவுக்கு, அதாவது எங்கள் வீட்டுப் பாட்டிக்கு, 84 வயது. சோபாவில் உட்கார்ந்தால் எழுந்திருக்க முடியாது என்று தன் மர நாற்காலியை விடமாட்டார். அது ஒதுக்கமாகப் பக்கவாட்டில் இருக்கிறது. அங்கிருந்தால்தான் டிவியும் தெரியும், தெருவில் போகிறவர்களும் தெரிவார்கள். நினைத்துப் பார்த்தால் பகல் முழுக்க டிவி பார்ப்பது அவர் ஒருவர்தான். நாங்கள் பார்ப்பது ராத்திரி இரண்டு மணி நேரம். கடையில் டிவி பார்த்தபோது எனக்கு இது தோன்றவே இல்லை.

டோங்காட் அக்கா:

அப்படியானால் டிவியின் முதலாளி ஆயாதான். காசு கொடுக்கிற வேலை மட்டும் உங்களுடையது. இதை முதலிலேயே சொல்லியிருக்கலாமே!

பீனிக்ஸ் ரிப்பேர்காரன்:

இது கணக்கையே மாற்றுகிறது. எல்சிடி பேனல் பெரும்பாலும் இரண்டு சாதி. விஏ என்பது ஒன்று, ஐபிஎஸ் வகை இன்னொன்று. விஏ-யில் வெளுப்புக்கும் கருப்புக்கும் உள்ள வித்தியாசம் 3,000, 4,000 மடங்கு வரும், சிலதில் அதற்கும் மேல். ஐபிஎஸ்-ல் 1,000 மடங்கை ஒட்டி. அதனால் இருட்டு அறையில் நேரே உட்கார்ந்து படம் பார்ப்பவருக்கு விஏ. விமர்சனம் எழுதுகிறவர்கள் எல்லோரும் இருட்டு அறையில் நேரே உட்காருகிறவர்கள்தான், அதனால் விஏ-யைத்தான் புகழ்வார்கள். ஆனால் பக்கவாட்டிலிருந்து பார்த்தால் விஏ-யில் நிறம் வெளுத்துவிடும், முகமெல்லாம் சுண்ணாம்பு பூசிய மாதிரி. ஐபிஎஸ்-ல் நிறம் அவ்வளவாக மாறாது. பட்டப்பகலில், ஜன்னல் திறந்த அறையில், கருப்பு எவ்வளவு கருப்பு என்பதை யார் பார்க்கப்போகிறார்கள்?

சங்கடம் என்னவென்றால் எந்தப் பேனல் என்று பெட்டியில் போடமாட்டார்கள். ஒரே மாடல் வரிசையில் 55 ஒரு வகை, 65 இன்னொரு வகை என்றும் வரும். கடைக்காரரிடம் கேட்டால் “இது எல்இடி சார்” என்பார். கேட்காதீர்கள். டிவிக்கு நேரே நின்று ஒரு முகத்தைப் பாருங்கள். பார்த்துக்கொண்டே ஆயா நாற்காலி இருக்கும் சாய்வுக்கு நடந்து போங்கள். முகம் வெளுத்தால் அடுத்த டிவி. முடிந்தால் ஆயாவையே கூட்டிப் போங்கள்.

மிட்ராண்ட் மணி:

ஒப்புக்கொள்கிறேன். ராத்திரிக் கருப்பு உங்கள் வீட்டில் இரண்டாவது கவலைதான். ஆனால் ஐபிஎஸ் வாங்கினால் ராத்திரி விளக்கை முழுக்க அணைக்காதீர்கள் அண்ணா. டிவிக்குப் பின்னால் ஒரு சின்ன விளக்கு எரியட்டும். அந்தச் சாம்பல் கண்ணை உறுத்தாது.

சாட்ஸ்வர்த்வாசியின் மகன்:

அப்பாவின் கணக்கில்தான் எழுதுகிறேன். சனிக்கிழமை வகுப்பில் படித்த தமிழ், பிழை இருந்தால் மன்னிக்கவும். பிளேஸ்டேஷனுக்கு 120 ஹெர்ட்ஸ் வேண்டும், அதைத் தாங்கும் எச்டிஎம்ஐ 2.1 இணைப்பு வேண்டும். அதை யாரும் பேசவே இல்லை.

பீனிக்ஸ் ரிப்பேர்காரன்:

தம்பி, 10,000-க்குள் நிஜமான 120 ஹெர்ட்ஸ் 65 இன்ச் தேடினால் உன் அப்பா இன்னும் ஒரு வருடம் தேடுவார். ஒன்று சொல்கிறேன். உங்கள் 43 என் மேசையில் இருக்கிறது, பட்டை மாற்றியாகிவிட்டது. உன் அறைக்கு அது போதும். கேம் மோடில் போட்டு ஆடு. உன் தேவை பெரிய டிவியின் பட்டியலிலிருந்து போனால் உன் ஆயாவுக்கு நல்ல பேனல் கிடைக்கும்.

சாட்ஸ்வர்த்வாசியின் மகன்:

என் அறையில் டிவியா? சரி. சரி. எனக்கு 60 ஹெர்ட்ஸ் போதும்.

சாட்ஸ்வர்த்வாசி:

பையன் இவ்வளவு சீக்கிரம் எதற்கும் ஒப்புக்கொண்டதில்லை.

இன்னொரு விஷயம். வேலையிடத்தில் ஒருவர் தனக்குத் தெரிந்தவரிடம் 65 இன்ச் சாம்சங் இருக்கிறது, 4,000 ராண்ட் ரொக்கம் என்கிறார். பெட்டி இல்லை, ரசீது இல்லை, “அவ்வளவாகப் பயன்படுத்தவில்லை” என்கிறார். எடுக்கலாமா?

டோங்காட் அக்கா:

ஓடுங்கள். 2021 ஜூலைக் கலவரத்தில் கேட்டோ ரிட்ஜில் இருந்த சாம்சங் கிடங்கைக் கொள்ளையடித்தார்களே, நினைவிருக்கிறதா? அந்த டிவிகளின் சீரியல் எண்ணையெல்லாம் கம்பெனி பட்டியலில் வைத்திருக்கிறது. அப்படிப்பட்ட டிவியை இன்டர்நெட்டில் இணைத்ததும் அது பட்டியலைப் பார்த்துத் தானே முடங்கிவிடும். அந்த வசதியைப் பற்றி அப்போதே பத்திரிகைகளில் வந்தது. இவர் சொல்வது அந்தச் சரக்கு என்று நான் சொல்லவில்லை. ரசீது இல்லாத டிவியை வாங்கி, அதை இன்டர்நெட்டில் இணைக்கும்போதெல்லாம் நெஞ்சு படபடக்க வேண்டுமா என்று கேட்கிறேன்.

பக்கி பாண்டியன்:

நான் டெலிவரி ஓட்டுகிறவன், ஒரே ஒரு விஷயம் சொல்லிவிட்டுப் போகிறேன். கடையிலிருந்து பக்கியில், அதாவது பின்பக்கம் திறந்த சின்னச் சரக்கு வண்டியில், ஏற்றும்போது டிவியைப் படுக்க வைக்கவே கூடாது. நிமிர்த்தித்தான் வைக்க வேண்டும், பக்கத்தில் மெத்தையோ போர்வையோ அண்டக் கொடுத்து. படுக்க வைத்தால் ஒரு ஸ்பீட் பம்ப் போதும், உள்ளே விரிசல் விட்டுவிடும். வெளியே பெட்டி புதுசாகவே இருக்கும். வீட்டுக்கு வந்ததும் டிரைவரைப் போகவிடாமல் பிளக்கில் சொருகிப் படம் வருகிறதா என்று பார்த்த பிறகு கையெழுத்துப் போடுங்கள். என் மாதிரி ஆட்கள் முணுமுணுப்போம், பரவாயில்லை.

பேட்டரி மாமா:

கரண்ட் விஷயம். லோட்ஷெடிங் என்கிற முறைவைத்த மின்வெட்டு முன்னைப் போல இல்லைதான். ஆனால் கேபிள் திருட்டும் டிரான்ஸ்பார்மர் வெடிப்பும் எங்கே ஓய்ந்தன? டிவியைக் கொல்வது கரண்ட் போவது அல்ல, திரும்பி வருகிற அந்த நொடி. போனதும் பிளக்கைப் பிடுங்குங்கள், வந்த பிறகு சில நிமிடம் பொறுத்துச் சொருகுங்கள். திடீரென்று ஏறும் கரண்ட்டைத் தடுக்கும் சர்ஜ் பிளக் வைத்திருப்பவர்கள் அதில் இருக்கும் சின்ன விளக்கைப் பாருங்கள். அது அணைந்திருந்தால் காக்கிற பாகம் எப்போதோ செத்துவிட்டது, இப்போது அது வெறும் பிளக்தான்.

ரொம்பப் பேர் மறக்கிற வழி ஒன்று உண்டு. இடி இறங்கினால் டிஷ் வயர் வழியாக டிவிக்குப் பக்கத்தில் இருக்கும் டீகோடர் பெட்டிக்கு வந்து, அங்கிருந்து எச்டிஎம்ஐ வழியாக டிவிக்குள் போகும். இடி மழை வந்தால் டிவி பிளக் மட்டும் பிடுங்கிப் பயனில்லை, டிஷ் வயரையும் கழற்ற வேண்டும். ஜோபர்க் பக்கம் இருப்பவர்களுக்கு இது கோடைக்காலத் தினசரி வேலை.

65 இன்ச் எல்இடி சுமாராக 100 முதல் 150 வாட் இழுக்கும். இரண்டு மணி நேரத்துக்கு 300 வாட் மணி என்று வையுங்கள். சின்ன லித்தியம் பேட்டரிப் பெட்டியே தாங்கும். வாங்குவதானால் வீட்டுக் கரண்ட் மாதிரியே சீராகக் கொடுக்கும் ப்யூர் சைன் வேவ் இன்வெர்ட்டராகப் பார்த்து வாங்குங்கள்.

மிட்ராண்ட் மணி:

வாங்கும் முன் ஆப் விஷயத்தையும் பார்த்துவிடுங்கள். கூகுள் டிவி, சாம்சங்கின் டைசன், எல்ஜியின் வெப்ஓஎஸ், ஹைசென்ஸின் விடா எல்லாம் வேறு வேறு கடைகள் மாதிரி. ஒன்றில் கிடைக்கும் தமிழ் ஆப் இன்னொன்றில் கிடைக்காமல் போகலாம். கடையிலேயே ஆப் ஸ்டோரைத் திறந்து தேடச் சொல்லுங்கள். இல்லை என்றாலும் குடி முழுகிவிடாது, பிறகு ஆப்களை ஓட்டும் ஒரு சின்ன ஸ்டிக் வாங்கி டிவியின் எச்டிஎம்ஐ துளையில் சொருகலாம்.

ஆனால் ஸ்டிக் வழியாகக் கிரிக்கெட் பார்ப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. இந்த நாட்டு ஒளிபரப்பு நொடிக்கு 50 படம் என்ற கணக்கில் ஓடுகிறது. நிறைய ஸ்டிக்குகள் எதையும் 60 கணக்கில்தான் வெளியே தள்ளும். பவுண்டரிக்கு ஓடும் பந்து விட்டு விட்டு ஓடும். டிவியைக் குறை சொல்லாதீர்கள். ஸ்டிக்கின் செட்டிங்கில் பிரேம் ரேட்டை மூலத்தோடு பொருத்தும் வசதி இருக்கும், அதைப் போடுங்கள். நான் இரண்டு மாதம் டிவியைத் திட்டிய பிறகுதான் கண்டுபிடித்தேன்.

லெனேசியா வாத்தியார்:

காசு கொடுக்கும் முறையையும் சொல்லிவிடுகிறேன். கடைக் கணக்கில் மாதத் தவணை எடுத்தால் வட்டி, அதன் மேல் இன்சூரன்ஸ், அதன் மேல் சேவைக் கட்டணம் என்று ஏறும். அவசரம் இல்லையென்றால் லே-பை போடுங்கள். கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டி முடித்துப் பொருளை எடுக்கலாம், வட்டி இல்லை.

கடையில் டிவி லைசென்ஸ் எண் கேட்பார்கள், டிவி வைத்திருக்கக் கட்ட வேண்டிய கட்டணம் அது. வருடத்துக்கு 265 ராண்ட். ஏற்கெனவே வீட்டு லைசென்ஸ் கட்டிக்கொண்டிருந்தால் குடும்பத்தில் இரண்டு டிவி இருந்தாலும் அது ஒன்றே போதும். அதனால் பையன் அறை டிவிக்குத் தனியாக வேண்டாம்.

பழுது வந்தால்: 2008-ஆம் வருட நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், பிரிவு 56. வாங்கி ஆறு மாதத்துக்குள் தயாரிப்புக் குறை தெரிந்தால் பழுது பார்ப்பதா, மாற்றுவதா, பணத்தைத் திருப்புவதா என்று தேர்ந்தெடுப்பது நீங்கள். கடைக்காரர் அல்ல. “கம்பெனிக்கு அனுப்பி ஆறு வாரம்” என்று ஒரு கடை என்னிடம் சொன்னபோது பிரிவு எண்ணைச் சொன்னேன். மேனேஜர் வந்தார், மாற்றிக் கொடுத்தார்கள்.

சாட்ஸ்வர்த்வாசி:

மூன்று வாரம் கழித்து வருகிறேன், மன்னிக்கவும். டிவி வந்துவிட்டது.

ஆயாவைக் கூட்டிக்கொண்டுதான் போனோம். கடைப் பையன் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி கொண்டுவந்து போட்டான். வரிசையாக ஏழு டிவி. ஆயா பக்கவாட்டில் உட்கார்ந்துகொண்டு ஒவ்வொன்றையும் பார்த்து “இது வெளிறிப்போச்சு, இது வெளிறிப்போச்சு” என்று நான்கைக் கழித்துவிட்டார். மிச்சம் இருந்ததில் ஒன்று பட்ஜெட்டுக்கு மேல், ஒன்றில் நம் தமிழ் ஆப் இல்லை. மூன்றாவதை எடுத்தோம். 65 இன்ச், 9,000-க்குக் கொஞ்சம் மேல். மிச்சக் காசில் தடித்த திரைச்சீலையும் நல்ல சர்ஜ் பிளக்கும். அந்தப் பெயர் தெரியாத 75 அதே வரிசையில்தான் இருந்தது. ஆயா கழித்த நான்கில் அதுவும் ஒன்று.

பக்கியில் நிமிர்த்தியே கொண்டுவந்தோம். டிரைவர் முணுமுணுத்தார். பேக்லைட் 60. படம் சினிமா மோடில். அக்னி மூலைக்கு இடமில்லை என்று மாமியாருக்குச் சொல்லியாகிவிட்டது, அவர் இன்னும் பேசவில்லை.

ஒரு குறை. படம் அருமை, ஆனால் ஆயாவுக்கு வசனம் காதில் சரியாக விழவில்லை. சத்தத்தைக் கூட்டினால் பாட்டு வரும்போது வீடே அதிர்கிறது. இதற்கு என்ன செய்வது?

பீனிக்ஸ் ரிப்பேர்காரன்:

மெல்லிய டிவிகளில் ஸ்பீக்கர் பின்பக்கம் அல்லது அடிப்பக்கம் பார்த்து இருக்கும். சத்தம் சுவரில் மோதித்தான் காதுக்கு வரும். முதலில் சவுண்ட் செட்டிங்கில் குரலைத் தூக்கிக் காட்டும் மோடு இருக்கிறதா பாருங்கள், தெளிவான குரல் என்பது போல ஏதாவது பெயர் இருக்கும். போதாவிட்டால் டிவியின் சத்தத்தை வெளியே அனுப்பும், ஏஆர்சி என்று எழுதிய எச்டிஎம்ஐ துளையில் ஒரு சின்ன சவுண்ட்பார். ரிமோட் ஒன்றே போதும், ஆயாவுக்குக் குழப்பம் இல்லை. பெரிய பேஸ் பெட்டி வேண்டாம், அது வசனத்தை விழுங்கிவிடும்.

அப்புறம், ஒரு நாள் யூடியூப்பில் முழுச் சாம்பல் நிறத் திரை ஓட்டிப் பாருங்கள். அழுக்கு மாதிரி திட்டுகளோ பட்டைகளோ பெரிதாகத் தெரிந்தால் இப்போதே மாற்றிக்கொள்ளலாம். கிரிக்கெட் மைதானத்தில் கேமரா நகரும்போதுதான் அது கண்ணை உறுத்தும். அதுவரை பெட்டியைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

சாட்ஸ்வர்த்வாசி:

சாம்பல் திரை ஓட்டிப் பார்த்துவிட்டோம், திட்டு ஒன்றும் இல்லை. பெட்டி மட்டும் போய்விட்டது அண்ணா. ஆயா வாசலில் காயும் மிளகாய்க்குக் கீழே விரித்துவிட்டார்.